கவுலும் கழுவெளியும்: சித்திரை வெயிலில் ஏன் பறவை எண்ண வேண்டும்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்ப ஆங்காங்கே திருத்தப்பட்டது.)

இந்த எபிசோடில் இரண்டு நீர்நிலைகளோட கதையைச் சொல்லப்போறேன். இரண்டுமே பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. ஒன்று வேடந்தாங்கல், இன்னொன்று பள்ளிக்கரணை. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் என்று இரண்டு இடத்துக்கும் பெரும்பாலும் அதே பறவைகள்தான் வருகின்றன. ஆனால் வேடந்தாங்கல் ஏரி 200 வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்கிறது. அதைவிடப் பல மடங்கு பெரிய பள்ளிக்கரணை, சுமார் 50 வருஷத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. ஏன்?

மழை, மண், மக்கள்தொகை என்று காரணங்கள் பல இருக்கு. நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் வரலாற்றில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு காகிதம் இருக்கு. ஒரு இடத்தைப் பற்றி அரசாங்கத்தின் காகிதத்தில் என்ன எழுதியிருக்கு என்பதுதான் இன்றைய விஷயம். அதுக்கும், பங்குனி சித்திரையில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ம ஊர்த் தண்ணீர் எங்கே போகுது?

முதலில் நாம எங்கே இருக்கோம்னு பார்த்துடலாம். படப்பை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருக்கும் ஊர். கொஞ்சம் வடக்கே மணிமங்கலம். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியோடு 7-ஆம் நூற்றாண்டில் போரிட்டானே, அந்த மணிமங்கலம்தான். இந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் அடையாற்றுக்குப் போகிறது. மணிமங்கலம், ஆதனூர் வட்டாரத்து ஏரிகளில்தான் அடையாறே தொடங்குகிறது. வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக ஓடி, திருநீர்மலைப் பக்கம் செம்பரம்பாக்கத்து உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு, சைதாப்பேட்டை தாண்டி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் கலக்கிறது.

ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கே போனால் கணக்கு மாறும். சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கி, தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வந்து தேங்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும்.

ஆக, தாம்பரம் வட்டாரத்தில் பெய்கிற மழைக்கு இரண்டு முகத்துவாரங்கள். அடையாறு ஒன்று, கோவளம் இன்னொன்று. இரண்டிலும் உவர்நீரும் நன்னீரும் கலக்கிற சேற்றுத் திட்டுகள் உண்டு. வலசைப் பறவைகளுக்கு அதுதான் சாப்பாட்டு மேசை.

நமக்கு வசந்தம் என்றால் வழியனுப்பு

ஐரோப்பியப் பறவைப் புத்தகங்களில் வசந்த காலம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கு அது தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் வந்த பறவைகள் பங்குனி, சித்திரையில் வடக்கே கிளம்புகின்றன. செங்கால் நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவருக்கே இது தெரிந்திருக்கிறது. அவர் பாட்டில் வரும் நாரை, பெட்டையோடு குமரிவரை போய்விட்டு வடக்கே திரும்புகிற பறவை.

கிளம்பும் முன் பல பறவைகள் உடை மாற்றிக்கொள்ளும். மார்கழியில் சாம்பலும் பழுப்புமாக, எது எதுவென்றே தெரியாமல் நின்றிருந்த கருவால் மூக்கனுக்குக் கழுத்தில் செங்கல் நிறம் ஏறும். வெள்ளையாகத் திரிந்த மீசை ஆலாவின் வயிறு கருக்கும். நீள்வால் இலைக்கோழி வலசை போகாமல் இங்கேயே இனப்பெருக்கம் செய்யும் பறவை. அதுக்கு வால் நீளும். தட்டைவாயனும் ஊசிவால் வாத்தும் பங்குனியிலேயே பெரும்பாலும் போய்விடும். கரையோரம் ஓடித்திரியும் சின்ன உள்ளான்கள் இன்னும் சில நாள் தங்கி, தின்று கொழுத்துவிட்டுத்தான் கிளம்பும். கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கு. சிட்டுக்குருவி அளவுதான். அது முட்டையிடப் போகும் இடம் சைபீரியாவின் வடகோடி. அவ்வளவு தூரத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றுப் புழுக்களிலிருந்துதான் அது எடுத்துக்கொண்டு போகணும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்தப் பறவைகளுக்குத் தண்ணீர் நிறைய இருந்தால் உதவாது. கால் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்தில்தான் அவை மேய முடியும். நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் தண்ணீர் ஆகும், கொசு உள்ளானுக்கு ஈரச் சேறே போதும். பூநாரைக்கும் ஆழமில்லாத தண்ணீர்தான் சௌகரியம். அதனால் பள்ளிக்கரணையில் தண்ணீர் இறங்க இறங்கத்தான் இவற்றுக்கு இடம் திறக்கிறது. சதுப்பு நிலம் காய்கிற மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியும் மாதங்களில்தான் அங்கே பந்தி களைகட்டும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க.

சென்னைப் பறவைகளின் முதல் பட்டியல்

இந்த ஊரில் பறவைகளை எழுதி வைக்கும் பழக்கம் ரொம்பப் பழசு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி, மெட்ராஸ் பறவைகளின் படங்களையும் விவரங்களையும் லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரே எழுதிய பறவைகள் பற்றிய லத்தீன் நூல், அவர் இறந்தபிறகு 1713-இல் வெளிவந்தபோது, இந்த மெட்ராஸ் பறவைகளும் அதில் இணைப்பாகச் சேர்ந்தன. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய பட்டியல்களில் இது ஒன்று. நம்ம ஏரிக்கரைகளில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் வெண்புருவ வாலாட்டியின் அறிவியல் பெயரில் இன்றைக்கும் மதராஸ் இருக்கு: மோட்டாசில்லா மதராஸ்படென்சிஸ்.

அடுத்த நூற்றாண்டில் மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் தென்னிந்தியப் பறவைகளைத் தொகுத்து 1839 முதல் வெளியிட்டார். ஆனால் இந்தப் பட்டியல்கள் எல்லாம் பறவைக்குப் பெயர் வைப்பதற்காக எழுதப்பட்டவை. அந்தப் பறவை நின்ற நிலத்துக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கிராமத்து விவசாயிகள்.

1798: ஒரு ஊர் வாங்கிய காகிதம்

வேடந்தாங்கல் என்ற பேருக்கு 'வேடர்களின் ஊர்' என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றாலே சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அப்படித்தான். வேடந்தாங்கலும் ஒரு சின்ன பாசன ஏரிதான், சுமார் 30 ஹெக்டேர். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும். உரம் போடாமலே நெல் நன்றாக விளையும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்து அந்தப் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் செங்கல்பட்டுக்குப் போய் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். பெயரைக் கேட்டதும் சிலருக்கு ஞாபகம் வரும். மதுராந்தகம் ஏரி உடையப்போன இரவில், கரைமேல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு நிற்பதைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, 'ஏரி காத்த ராமர்' கதை, அதில் வரும் கலெக்டர் துரை இவர்தான். அவர் ஊராருக்கு 1798-இல் ஒரு கவுல் கொடுத்தார். கவுல் என்றால் அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம். இந்த ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது, பாதுகாக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்பது அதன் சாரம்.

பிளேஸ் பறவைப் பிரியராக இருந்தாரா என்பது நமக்கு முக்கியமில்லை. ஏரி நன்றாக இருந்தால் விளைச்சல், விளைச்சல் இருந்தால் வரி. கம்பெனிக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஊரார் தங்களுக்குத் தெரிந்த ஒரு உண்மையை, அரசாங்கத்துக்குப் புரிகிற மொழியில், அரசாங்கக் காகிதத்திலேயே ஏற்றிவிட்டார்கள். 1858-இல் அந்தக் கவுல் கலெக்டர் ஆணையாக மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம். 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் தலம். முதல் காகிதம் இருந்ததால் அடுத்த காகிதம், அதை வைத்து அதுக்கடுத்தது.

கழுவெளிக்கு யாரும் கவுல் வாங்கவில்லை

இப்போது பள்ளிக்கரணைக்கு வருவோம். இந்த மாதிரி கடலோரச் சதுப்பு வெளிக்குத் தமிழில் கழுவெளி என்று பெயர். மரக்காணம் பக்கத்திலும் ஒரு கழுவெளி உண்டு, 2021-இல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. பள்ளிக்கரணைக் கழுவெளி சென்ற நூற்றாண்டின் நடுவில் 5,000 ஹெக்டேருக்கு மேல், அதாவது 12,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

அது ஏரி இல்லை. கரை கிடையாது, மதகு கிடையாது, ஆயக்கட்டு கிடையாது. மழைக்காலத்தில் கடல் மாதிரி இருக்கும். கோடையில் கோரையும் சேறுமாக இருக்கும், ஓரங்களில் மாடு மேயும். வருவாய்த் துறைக்கு நஞ்சை தெரியும், புஞ்சை தெரியும். கழுவெளியை எதில் சேர்ப்பது? வரி வராத நிலமெல்லாம் தரிசு, புறம்போக்கு என்ற கணக்கில்தான் போகும்.

புறம்போக்கு என்பது முதலில் கெட்ட வார்த்தை இல்லீங்க. வரிக் கணக்குக்குப் புறம்பான நிலம், அவ்வளவுதான். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு எல்லாமே ஊர்ப்பொது. எல்லாருக்கும் வேண்டியது என்பதால்தான் யாருக்கும் பட்டா கிடையாது. காலப்போக்கில் அந்தப் பொருள் தேய்ந்து, யாருக்கும் வேண்டாத நிலம், எதையும் கொட்டலாம், எதையும் கட்டலாம் என்று ஆகிவிட்டது. இன்றைக்கு அது ஒரு வசவுச் சொல்.

நகரம் தெற்கே வளர்ந்தபோது இந்தச் சொல் தன் வேலையைக் காட்டியது. பெருங்குடியில் மாநகரக் குப்பை மலையாகக் குவிந்தது. கழிவுநீர் வந்தது. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலை சதுப்பை நடுவில் வெட்டிக்கொண்டு போனது. வேளச்சேரிக்கு ரயில் வந்தது. ஆய்வு நிறுவனங்கள், ஐ.டி. வளாகங்கள், அடுக்குமாடிகள் எல்லாம் எழுந்தன. கட்டியவர்களில் பலர் சட்டப்படி ஒதுக்கப்பட்ட நிலத்தில்தான் கட்டினார்கள். காகிதத்தில் அது காலி நிலமாக இருந்தது. அதுதான் பிரச்சினையே.

எண்ணிக்கை எப்படி ஆவணம் ஆனது?

இதை மாற்றியதில் பெரிய பங்கு, வாரக் கடைசியில் பறவை பார்க்கப் போனவர்களுடையது. 1978-இல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கியது. அடையாறு முகத்துவாரம் அதன் உறுப்பினர்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. தியசாபிகல் சொசைட்டி 1882-இல் தென்கரையில் தோட்டம் வாங்கிக் குடியேறியதால் அந்தப் பக்கத்து மரங்கள் பிழைத்திருந்தன. வெள்ளத்தில் உடைந்துபோன பாலத்தின் அருகே நின்று பார்த்தால் சேற்றுத் திட்டுகள் நன்றாகத் தெரியும். 1987-இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. பிறகு வனத்துறையின் கணக்கெடுப்புகளும், பொங்கல் நாட்களில் நடக்கும் பொதுமக்கள் கணக்கெடுப்பும் சேர்ந்தன.

பள்ளிக்கரணையில் 2000-களின் தொடக்கத்தில் கேர் எர்த் அமைப்பு முறையான ஆய்வு செய்தது. சுற்றுப்புறக் குடியிருப்போர் குப்பை எரிப்பை எதிர்த்துத் திரண்டார்கள். என்னென்ன உயிர் இங்கே இருக்கு என்ற பட்டியல் கையில் இருந்ததால், 'இது காலி நிலம் இல்லை' என்று சொல்ல முடிந்தது. 2007-இல் தமிழக அரசு 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக்க முடிவெடுத்தது. பிறகு அந்த எல்லை விரிந்தது. 2022-இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமானது.

ராம்சார் என்பது ஈரானில் ஒரு ஊர். 1971-இல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தியா 1982-இல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சார் தலங்கள், இந்திய மாநிலங்களிலேயே அதிகம். கேர் எர்த் அமைப்பை நடத்தும் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-இல் ராம்சார் ஒப்பந்தத்தின் விருதும் கிடைத்தது.

ஆக, 1798-இல் வேடந்தாங்கல் வாங்கிய காகிதத்தைப் பள்ளிக்கரணை வாங்க 2007 ஆகிவிட்டது. அந்த 209 வருஷ இடைவெளிக்கு நாம கொடுத்த விலை சாதாரணமானது இல்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. நம்ம பக்கம் முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி உயரத்துக்கு மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி மூழ்கின. தண்ணீர் தேங்க வேண்டிய பள்ளத்தைக் காலி மனை என்று எழுதினால், தண்ணீர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு வராது இல்லையா?

கதை இன்னும் முடியவும் இல்லை. ராம்சார் எல்லை எங்கே தொடங்குகிறது, அதுக்குள் இருக்கும் பட்டா நிலத்தில் கட்டலாமா, சுற்றி எவ்வளவு தூரத்துக்குத் தடை என்று இப்பவும் வழக்கு நடக்கிறது. 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல்பூர்வமாக எல்லை வரையறுக்கும்வரை ராம்சார் பகுதிக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரையும் புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. மனை வாங்கியவர்களுக்கும் கடன் போட்டவர்களுக்கும் இதில் நிஜமான கஷ்டம் இருக்கு. எல்லையை முன்பே ஒழுங்காக எழுதியிருந்தால் அவர்களும் தப்பித்திருப்பார்கள்.

அதனால்தான் சித்திரை

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வர்றேன். பெரிய கணக்கெடுப்புகள் எல்லாம் ஜனவரியை ஒட்டித்தான் நடக்கின்றன. வாத்துகள் நிறைந்திருக்கும், வெயில் இருக்காது, நாமும் போவோம். பங்குனிக்குப் பிறகு போகிறவர்கள் குறைவு. அதனால் ஜனவரிக்கு நிறைய பட்டியல், ஏப்ரல் மே மாதங்களுக்குக் கொஞ்சம்தான்.

ஆனால் ஒரு சதுப்பு நிலத்தைப் பார்த்து யாராவது 'இது வெறும் பொட்டல்தானே' என்று சொல்வது எந்த மாதத்தில்? ஜனவரியில் சொல்ல முடியாது, கண்ணெதிரே தண்ணீர் நிற்கும். சித்திரை, வைகாசியில்தான் சொல்வார்கள். மண் லாரி இறங்குவதும் தண்ணீர் வற்றிய பிறகுதான். அந்த மாதங்களில்தான் உள்ளான்கள் கடைசி உணவைத் தின்றுகொண்டிருக்கும், பூநாரை நின்றுகொண்டிருக்கும், இலைக்கோழி குடும்பம் நடத்த ஆரம்பித்திருக்கும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால், வற்றிய சதுப்பு செத்த சதுப்பு என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல ஆவணம் இருக்காது.

இதுக்குப் பள்ளிக்கரணைவரைக்கும்கூடப் போக வேண்டாம். படப்பை ஏரி, மணிமங்கலம் ஏரி, ஆதனூர், முடிச்சூர், செம்பாக்கம், உங்க வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கோ அது. காலை 6 மணிக்குப் போனால் 8 மணிக்குள் திரும்பிடலாம். ஒரே இடத்தில் கால் மணி நேரம் நில்லுங்க. தேதி, நேரம், தண்ணீர் எந்த அளவில் இருக்கு, எந்தப் பறவை எத்தனை என்று எழுதுங்க. பெயர் தெரியாததை 'தெரியாத உள்ளான் 12' என்று எழுதினாலும் சரி. ஒன்றுமே இல்லையென்றால் இல்லை என்றும் எழுதுங்க, அதுவும் தகவல்தான். வாரம் ஒருமுறை, ஆனி வரைக்கும். ஈ-பேர்ட் செயலியில் ஏற்றினால் தேதியோடு நிற்கும், பின்னால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் செய்யலாம். தாலுகா அலுவலகங்களில் வருஷா வருஷம் ஜமாபந்தி நடப்பது மே, ஜூனில்தான். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து, பொதுமக்களிடம் மனு வாங்குவார்கள். பிளேஸ் காலத்து நிர்வாகத்தின் வழித்தோன்றல்தான் அது. கிராம அடங்கலில் என்ன பயிர் என்று எழுத இடம் உண்டு, என்ன பறவை என்று எழுத இடம் கிடையாது. ஏரி எல்லையை அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுக்கும்போது, மூன்று மாதப் பறவைக் கணக்கையும் பின்னால் இணைத்துக் கொடுங்க. மனுவுக்கு ஒரு எண் போட்டு ரசீது தருவார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க. வேடந்தாங்கல்காரர்களும் ஒரு முறையீட்டில்தான் ஆரம்பித்தார்கள்.

இந்தச் சித்திரையில் உங்க ஏரியில் என்னென்ன பார்த்தீங்கன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.